அம்மாவுக்காக வந்த லெப்டொப்

எங்கள் சித்தப்பாவுக்குத் தெரியாத விஷயம் என்று எதுவும் கிடையாது. தெரியாதது ஏதாவது எதிரில் வந்துவிட்டால், "இது புதுசா வந்திருக்கு, கொஞ்சம் பாத்துட்டாச் சரி" என்பார். அப்படி அவர் பார்த்துச் சரியாக்கிய சாமான்களில் பாதி, மஹய்யாவவில் இருக்கும் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இன்னமும் கிடக்கின்றன.

இருந்தாலும் அந்தப் பழைய லெப்டொப்பைப் பையில் சுற்றி மழையில் நனையாமல் அவர் கொண்டுவந்த அன்று, அவர் மேல் எனக்கிருந்த நம்பிக்கை சாமி மேல்கூட இருந்ததில்லை. அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தார். நான் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் போனவர். அதற்குப் பிறகு எங்களுக்கு அம்மா என்றால் போனில் வரும் குரல்தான். அந்தக் குரல் ஒவ்வொரு முறையும் கடைசியில், "பாப்பா மூஞ்சிய ஒருதடவ பாத்துட்டாப் போதும்" என்று சொல்லி முடியும். அந்த வீட்டு மகள் இரக்கப்பட்டு ஒரு வழி சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை பெரியவர்கள் பள்ளிவாசலுக்குப் போனதும், தன் கம்ப்யூட்டரில் கொஞ்ச நேரம் எங்களோடு முகம் பார்த்துப் பேசலாம். ஆகவே எங்கள் பக்கமும் ஒரு கம்ப்யூட்டர், வெள்ளிக்கிழமைக்குள், கண்ணும் காதும் ஒழுங்காக உள்ளதாய் வேண்டியிருந்தது.

லெப்டொப்பில் இருந்ததையெல்லாம் வைரஸ் தின்றுவிட்டிருந்தது. சித்தப்பா டவுனில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் போட்டோ கொப்பி அடித்துக்கொண்டிருந்தார். அங்கே வந்துபோகும், பல்கலைக்கழகத்தில் படிக்கிற கெம்பஸ் பையன் ஒருவன், பென் டிரைவில் லினக்ஸ் என்ற வேறொரு சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்து, "இத ஏத்திடுங்க, வைரஸ் கிட்டயே வராது" என்றானாம். சித்தப்பா ஏற்றிவிட்டார். ஏற்றுவது சுலபமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அதை என்ன செய்வது என்பதுதான் அவருக்கும் எங்களுக்கும் தெரியவில்லை.

முதன்முதலில் அது விழித்துக்கொண்டபோது ஒரு கத்தரிப்பூ நிற வெளிச்சம் அறை முழுவதும் பரவியது. வெளியே மழை இருட்டு. மாத்தளை ரயில் போக, வழக்கம்போல் வீடு லேசாக நடுங்கியது. சுவர், அலுமாரி, அப்பாவின் வெள்ளைச் சட்டை எல்லாம் அந்த நிறத்தில் மிதந்தன. அம்மா இருக்கும் ஊரின் ஆகாயம் இப்படித்தான் இருக்கும் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அதைத் தொடுவதற்கு முன்னால் அப்பா எங்களைத் தடுத்தார். எங்கள் வீட்டுக்குள் வரும் எந்தப் புதுச் சாமானும் பொட்டு வைத்துச் சூடம் காட்டாமல் வேலைக்கு இறங்காது. ரைஸ் குக்கருக்கே வைத்தோம். அப்பா சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, திரைக்கு மேலே சட்டத்தின் நடுவில், பொட்டுக்கென்றே விட்டாற்போல இருந்த சின்ன வட்டத்தின் மேல் அழுத்தி வைத்தார். அதற்கு மேல் குங்குமம். சித்தப்பா பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு அவர் உட்கார்ந்தார். என்ன பாஷை வேண்டும் என்று அது கேட்டது. பட்டியலில் தமிழைப் பார்த்ததும் அப்பா பூரித்துப்போய் அதையே அமுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு அது பேசிய தமிழ் எங்கள் மூவரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. இங்கிலீஷுக்குத் திரும்பி வரவே அன்றைய பொழுது போயிற்று. மறுநாள் திரையில் கறுப்புப் பெட்டி ஒன்றைத் திறந்து கட்டளைகள் அடித்தார். அது பாஸ்வேர்ட் கேட்டது. சித்தப்பா எவ்வளவு தட்டினாலும் அங்கே ஒரு புள்ளிகூட விழவில்லை. லெப்டொப்பையே தலைகீழாகக் கவிழ்த்து கீபோர்டை ஊதினார். கெம்பஸ் பையனுக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகு, தெரிந்ததையே உறுதிப்படுத்திக்கொண்டவர் போல என்னிடம் சொன்னார்: "அது அப்படித்தான் பாப்பா. நம்ம கண்ணுக்குக் காட்டாது. ஆனா வாங்கிக்கும்."

சத்தம் வந்தது. டொங்கிள் செருகியதும் இன்டர்நெட் வந்தது. கெமரா மட்டும் வரவில்லை. திறந்தால் செம்மஞ்சளாக ஒரு மங்கல் ஒளி, அவ்வளவுதான். "டிரைவர் இல்ல" என்றார் சித்தப்பா. நான் பஸ் டிரைவரை நினைத்துக்கொண்டேன். பின்னேரங்களில் சித்தப்பா ஏதேதோ அடிப்பார், திரையில் எழுத்து வரிவரியாக மேலே ஏறிப் போகும். முடிவே இல்லாமல் ஏறும். அவர் தோளில் சாய்ந்து அதைப் பார்த்தபடியே தூங்கிப்போவேன். எழும்பிப் பார்த்தால் அந்த மங்கல் ஒளி அப்படியே இருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஊருக்கு வந்த யாரிடமோ அம்மா கொடுத்தனுப்பிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். சட்டை இறுகி, முதுகில் கொக்கி மறுபக்கத்துக்கு எட்டவில்லை. அப்பா ஊக்கு குத்திவிட்டார். கை இரண்டையும் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை.

திரையில் அம்மா வந்தார். மெலிந்திருந்தார். தலையில் துணி கட்டியிருந்தார். எங்களைக் காட்ட வேண்டிய சின்னக் கட்டத்தில் செம்மஞ்சள் ஒளிதான் இருந்தது. சித்தப்பா வியர்த்துப்போனார். "அண்ணி, தெரியுதா?" என்று அவர் கேட்ட குரல் எனக்கு அழுகை போலக் கேட்டது.

அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "தெரியுதே. நல்லாத் தெரியுது. எம்புட்டு ஒசரமா வளந்துட்டா எம் புள்ள."

"அம்மா, நீங்க அனுப்புன சட்ட போட்டிருக்கேன்."

"அதான் பாக்குறேனே. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. ஒரு சுத்து சுத்து பாப்பா."

நான் சுற்றினேன். அம்மா கை தட்டினார். சித்தப்பா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "நமக்குத்தான் இங்க காட்டல, அங்க தெரியுது" என்று அப்பாவிடம் சொன்னார். அந்த வீட்டு மகள் வந்து நிற்கும்வரை அம்மா பேசிக்கொண்டே இருந்தார். அவ்வளவு சந்தோஷமான ஒரு பின்னேரம் அதற்கு முன் எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

விளக்கு வைக்கிற நேரம், பழைய பொட்டைத் துடைத்துப் புதிதாக வைக்க அப்பா ஈரத்துணியோடு வந்தார். சித்தப்பா இன்னும் கெமராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காய்ந்த சந்தனம் உதிர்ந்து விழுந்தது. அந்த மங்கலுக்குள்ளிருந்து முதலில் ஒரு பெரிய கட்டைவிரல் வந்தது, பிறகு அப்பாவின் முகம் வந்தது. மூக்கில் இருந்த மச்சம்வரை தெரிந்தது.

அப்பா தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெரியுதுன்னாளே" என்றார்.

சித்தப்பா உதிர்ந்த சந்தனத்தை விரலால் ஒதுக்கினார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. சந்தனம் மறைத்தாலும் அம்மா கண்ணுக்குத் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பொட்டு ஓரமாகப் போயிருந்தது. சின்னக் கட்டத்தில் நாங்கள் மூவரும் பளிச்சென்று இருந்தோம். அதே நீலச் சட்டையோடு அம்மாவுக்கு முன்னால் நின்றேன். அம்மா என்னைப் பார்த்தார். அவர் கண் சட்டை இறுகிப் பிடித்த என் தோளில் நின்றது. அவர் கேட்காமலே நான் ஒரு சுற்றுச் சுற்றி, ஊக்குக் குத்திய முதுகைக் காட்டித் திரும்பினேன். அம்மா தலைத்துணியின் முனையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். "பேசு, நேரம் போகுது" என்றார் அப்பா. அம்மா தலையை மட்டும் ஆட்டினார். கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டு மகள் வந்தாள், படம் அணைந்தது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னைக்கு அம்மாவுக்கு நம்மளத் தெரியவே இல்ல சித்தப்பா. போன கெழம இருந்த மாதிரியே செஞ்சு குடுங்க."