கீபோர்டு நின்ற இடம்

எங்கள் வீட்டில் பழுதான பொருள் எதுவும் அதிக நாள் தப்பிக்க முடியாது. சித்தி கண்டுபிடித்து அதன்மேல் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாள். ஒழுகுகிற வாளி, விசில் வராத குக்கர், ஒரு பக்கம் மட்டும் சூடாகிற இஸ்திரிப் பெட்டி எல்லாம் அந்த அம்பைச் சுமந்துகொண்டுதான் எங்களோடு குடித்தனம் நடத்தின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தபோது அவர் மூக்கிலும் ஒன்று ஒட்டப்பட்டது. குறட்டைக்காக.

சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணம் ஆகாமல் பென்னலூரில் எங்களோடு இருந்தாள். செல்போன் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை. லைனில் வந்து நிற்கிற ஒவ்வொரு போனையும் காதில் வைத்துக் கேட்க வேண்டும். உள்ளே துளி இரைச்சல் இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். நாள் முழுக்கச் சுத்தமான சத்தத்தையே தேடிப் பழகிய காது, வீட்டுக்கு வந்த பிறகும் ஷிப்ட் முடிந்துவிட்டதை ஒப்புக்கொள்ளாது. மீந்துபோன ஸ்டிக்கர் தாள்கள் என் பென்சில் டப்பாவுக்கு வந்து சேரும். மூன்றாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு அதைவிடப் பெரிய சொத்து கிடையாது.

எங்கள் சர்ச் கொயரிலும் சித்தி பாடினாள். முந்தின கிறிஸ்துமஸ் ஆராதனையில், கொயர்க்காரர்களே எழுதி மெட்டுப் போட்ட ஒரு நன்றிப் பாட்டில், மேலே ஏறித் திரும்ப வேண்டிய ஒரு வரியில் அவள் குரல் உடைந்துவிட்டது. யாரோ அதைப் போனில் பிடித்துவிட்டார்கள். ப்ளூடூத்தில் கைக்குக் கை மாறி அது கடைசியில் சித்தி வேலை பார்க்கிற லைனுக்கே வந்து நின்றது. கூட வேலை செய்கிற பெண்கள் அவளைக் கண்டதும் அந்த வரியைப் பாடிக்காட்டுவார்கள், உடைகிற இடத்தையும் சேர்த்து. விளையாட்டுக்குத்தான். ஆனால் சித்தி அதற்குப் பிறகு வீட்டில் பாடுவதையே விட்டுவிட்டாள். குளிக்கும்போதுகூட அவள் குரல் கேட்கவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னாள். “அவ்ளோ போன்ல கீது, ஒவ்வொண்ணா பிடுங்கி அழிக்க முடியுமா? அதவிட நல்லதா ஒண்ணு வரணும்க்கா. ஸ்டுடியோல, ஒரு சத்தம் இல்லாம, சுத்தமா. அப்பதான் அந்தப் பழசு போவும்.”

அப்படித்தான் கொயரின் சிடி தொடங்கியது. தாம்பரத்தில் ஸ்டுடியோ பிடித்தார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கொயரில் உள்ளவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கம்பெனி கேட்டுக்குள் போகிறவர்கள். ஒருவருக்கு ஏ ஷிப்ட் என்றால் இன்னொருவருக்கு சி ஷிப்ட். இருவருக்கும் லீவு கிடைத்த நாளில் மூன்றாமவருக்கு ஓடி, அதாவது கூடுதல் நேர வேலை. ஸ்டுடியோக்காரர் இதற்கு ஒரு வழி சொன்னார். யாரும் சேர்ந்து வர வேண்டாம். அவரவருக்கு ஒழிந்தபோது தனித்தனியாக வந்து பாடிவிட்டுப் போகலாம், கம்ப்யூட்டர் சேர்த்துக்கொள்ளும். கதவு ஓரிடத்திலும் இருக்கை ஓரிடத்திலும் செய்து ஓரகடத்தில் காராகப் பூட்டுகிறார்களே, அதே முறை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு உடனே புரிந்துவிட்டது.

புரியாதவர் மாடி அண்ணன் ஒருவர்தான். எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்த பையன்களில் ஒருவர், தூத்துக்குடிப் பக்கம், ஓரகடத்தில் வேலை. ஊரிலிருந்து வரும்போது துணிமணி ஒரு பையும் கீபோர்டு ஒரு பையுமாக வந்து இறங்கியவர். வந்த வாரமே கொயரில் சேர்ந்துவிட்டார். அவரும் சித்தியும் நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததில்லை. வாசலில் எதிரெதிரே நின்றுகொண்டே நடுவில் என்னை நிறுத்திப் பேசுவார்கள். இருவருக்கும் ஏதோ சண்டை என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

“தனித்தனியா பாடுனா அது கொயரா? சோத்தத் தனியா தின்னுட்டு கொழம்பத் தனியா குடிச்ச மாதிரில்லா இருக்கும். சித்திட்ட சொல்லு பாப்பா” என்றார்.

“எல்லாம் ஒண்ணா நின்னா ஒர்த்தர் தப்பு இன்னொர்த்தர் மைக்ல வுழும்னு சொல்லு” என்றாள் சித்தி.

“விழட்டுமே, என்ன இப்பம்னு கேளு.”

நான் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. இருந்தும் கடமை தவறாமல் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சித்தி பாடுகிற அன்று என்னையும் கூட்டிப்போனாள். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி நின்றாள். அவள் காதில் மாடி அண்ணன் வாசித்தது ஓடிக்கொண்டிருந்தது. வாசித்தவர் அந்த நேரம் ஓரகடத்தில் கார்க் கதவு மாட்டிக்கொண்டிருந்தார். அந்த உயரமான வரியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். கடைசியில் ஸ்டுடியோக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வெளியே வந்தபோது சித்தியின் முகம் பரீட்சை எழுதி முடித்தவர்களுடையதைப் போல இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு வேர்க்கடலை வாங்கித் தந்தாள்.

சிடி வந்தது. நன்றாகத்தான் இருந்தது. இன்றைக்குக் கேட்டாலும் நன்றாகத்தான் இருக்கிறது, அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சித்தி கண்ணை மூடி முழுக்கக் கேட்டுவிட்டு “பாஸ்” என்றாள். அறுப்பின் பண்டிகை அன்று சர்ச்சில் வெளியிடுவது என்று முடிவாயிற்று.

எங்கள் ஊரில் அறுப்பதற்கு வயல் என்று அப்போதே பெரிதாக எதுவும் மிச்சமில்லை. பண்டிகை மட்டும் குறையில்லாமல் நடக்கும். விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம் என்பதால், அவரவருக்கு விளைந்ததைக் கொண்டுவருவார்கள். கடையில் வாங்கிய பூசணிக்காய், வாழைத்தார், இவற்றோடு கம்பெனியில் ஆயுத பூஜைக்குக் கொடுத்த ஹாட் பாக்ஸும் பிரிக்காத பெட்ஷீட்டும் மேடைக்கு முன்னால் குவிந்திருக்கும். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம் போகும். வடக்குப்பட்டிலிருந்து வருகிற ஒரு குடும்பம் மட்டும் வருஷா வருஷம் காலைக் கட்டி ஒரு சேவல் கொண்டுவரும். அந்த வருஷச் சேவல் பெட்ஷீட்டுகளின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

சித்தி தன் லைன் பெண்கள் அத்தனை பேரையும் அழைத்திருந்தாள். கேலி செய்த வாய்கள் முன்னால்தான் சுத்தமான பாட்டு ஒலிக்க வேண்டும். அவர்களும் ஹாஸ்டலிலிருந்து நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசைகளில் உட்கார்ந்தார்கள். முதல் தடவை சர்ச்சுக்குள் வந்தவர்கள், எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்று தெரியாமல் எங்களைப் பார்த்துப் பார்த்து எழுந்தார்கள். மாடி அண்ணனுக்கு அன்று ஓடி. கொயரில் இன்னும் பலருக்கும் ஓடி. அதனால் என்ன, சிடிக்குத்தான் ஷிப்ட் கிடையாதே. வந்தவர்கள் மேடையில் நிற்பது, பாட்டு ஸ்பீக்கரில் வருவது என்று ஏற்பாடு. சவுண்டு பெட்டி அப்பாவின் பொறுப்பில். அம்மா விழாவைப் பதிவு செய்யப் போனில் பொத்தானை அழுத்தி, காணிக்கைக் குவியலுக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தாள். வைத்துவிட்டு மறந்தும் போனாள்.

பாட்டு தொடங்கியது. அழகான பாட்டு, ஒரு பிசிறில்லை. ஆனால் சர்ச்சில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கொயர்க்காரர்கள் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். ஒருவர் பாட்டுக்கு ஏற்றபடி தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டு நிறுத்தினார். முன்வரிசையில் ஒரு பெரியம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகவே கேட்டார். “இன்னாம்மா இது, பாட்டு வருது, ஒர்த்தர் வாயும் அசையல. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” சித்தியின் முகம் சுருங்கிவிட்டதை நான் பார்த்தேன். அழுதுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் மாடி அண்ணன் உள்ளே வந்தார். யூனிபார்ம், கழுத்தில் ஐடி கார்டு, காலில் கம்பெனி ஷூ. “லைன் நின்னு போச்சி, பார்ட்ஸ் வரல” என்று வாசலில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. ஷூவைக் கழற்றிவிட்டு நேராகப் போய், மேடையில் அழகுக்காக வைத்திருந்த தன் கீபோர்டில் உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருந்த பாட்டோடு சேர்த்து வாசிக்க ஆரம்பித்தார். சிடிக்குள் ஒரு மாடி அண்ணன், வெளியே ஒரு மாடி அண்ணன். வெளியே இருந்தவர் ஒரு அரைத் தப்படி பின்னால். காது கூசியது. சித்தி அப்பாவை முறைத்தாள், மாடி அண்ணனை நிறுத்தச் சொல்லி. அப்பாவோ சவுண்டு பெட்டியின் குமிழைத் திருகி, நிறுத்த வேண்டியவரை விட்டுவிட்டு, சிடியின் சத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்துவிட்டார். வேண்டுமென்றே செய்தாரா என்று இன்றுவரை சொல்லவில்லை.

சிடி அடங்க அடங்க, மேடையில் இருந்தவர்களுக்கு வேறு வழியில்லை. பாடினார்கள். ஒருவர் முந்த, ஒருவர் பிந்த, ஆள் குறைவு, ஆனால் ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெரியம்மா கை தட்டித் தாளம் போட்டார். சித்தியும் பாடினாள். பாட்டு அந்த வரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சித்தி கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். வாயைத் திறந்தாள்.

சேவல் கூவியது. சரியான இடத்தில், சரியான உயரத்தில், கொஞ்சமும் உடையாமல் கூவியது.

சித்தி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல், மைக்கைப் பிடித்தபடியே, உடம்பு குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது. கீபோர்டு சட்டென்று நின்றது. பாட்டு அந்தரத்தில் தொங்கியது. அப்போது கடைசி வரிசையிலிருந்து அந்த வரி எழுந்தது. லைன் பெண்கள். கேலி செய்தே மனப்பாடம் பண்ணியவர்கள், சர்ச்சிலேயே அந்த வரியை அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார் இருந்தார்கள்? இந்த முறை உடைக்காமல், மேலே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து சித்தியிடம் கொடுத்தார்கள். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரியைப் பிடித்தாள். கீபோர்டும் வந்து சேர்ந்தது. அதன்பிறகு சர்ச்சில் பாடாத ஆளில்லை. பாஸ்டர் சிரிப்பை மறைக்க வேதப்புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். சேவலை ஏலத்தில் எடுத்தவர் அதை அறுக்க மாட்டேன் என்று அங்கேயே அறிவித்தார்.

அம்மாவின் போனில் எல்லாமே பதிந்திருந்தது. சிடிகள் அட்டைப் பெட்டியில் தூங்க, ‘சேவல் பாட்டு’ ஒரு வாரத்தில் ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் போனது. கம்பெனி பஸ் டிரைவர்கள்கூட வைத்திருந்தார்கள். பழைய உடைந்த வரியை யாரும் சீண்டவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், துளி இரைச்சல் பொறுக்காத சித்தி, குழந்தை அழுகையும் இருமலும் சேவலும் நிறைந்த அந்தப் பதிவைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, காதில் மாட்டித் திரும்பத் திரும்பக் கேட்டாள். அதுவும் ஒரே இடத்தை.

அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க நானும் கேட்டேன். சித்தியிடம் வளர்ந்த பிள்ளையல்லவா, பழுதைப் பிடித்துவிட்டேன். சேவல் கூவுகிறது, அது சேவலின் வேலை. சித்தி சிரிக்கிறாள், அது சேவலால். ஆனால் கீபோர்டு ஏன் நின்றது? கரண்ட் போகவில்லை, ஸ்பீக்கர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சிடியைப் போட்டுப் பார்த்தேன். அதில் அதே இடத்தில் கீபோர்டு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஆகவே இது கீபோர்டுக்குப் புதிதாக வந்த கோளாறு. மாடிக்குப் போய், அண்ணன் துணி துவைக்கிற நேரம் பார்த்து, கீபோர்டின் நடுவில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த கொயர் பயிற்சியில் சித்தியின் கண்ணில் அது பட்டது. ஷிப்ட்டுகள் எப்படியோ ஒத்துவந்து எல்லோரும் கூடியிருந்த நாள் அது.

“யார் ஒட்னது இத்த? இதுல இன்னா ரிப்பேரு?” என்றாள்.

நான் முன்னால் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினேன். “நீ சிரிச்சா இது நின்னுடுது சித்தி. போன்ல நல்லா கேளு. சிடில நிக்கல. நேர்ல நீ சிரிச்சப்பதான் நின்னுச்சு.”

யாரோ இருமினார்கள். சித்தியின் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. மாடி அண்ணன் ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டு, காது மடல் சிவக்க உட்கார்ந்திருந்தார். பிறகு முதன்முறையாக என்னை நடுவில் நிறுத்தாமல் சித்தியிடம் பேசினார். “பாப்பா சொல்லதுல தப்பில்லங்க. ரிப்பேருதாம்.”

கண்டுபிடித்ததற்கு யாராவது பாராட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அடுத்த வருஷம் அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. மணிமங்கலத்தில் வீடு பார்த்துக் குடிபோனார்கள். சண்டை எப்போது தீர்ந்தது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. கீபோர்டு அங்கேயும் கூடத்தில் நடுநாயகமாக இருந்தது, அம்பு வெளிறியும் கிழிக்கப்படாமல். போகும்போதெல்லாம் நான் விசாரிப்பேன்.

“கீபோர்ட சரி பண்ணியாச்சா சித்தப்பா?”

“எங்க? ஒங்க சித்தி சிரிச்சா இன்னும் நின்னுதாம் போவுது” என்பார்.

அடுப்படியிலிருந்து சித்தி சிரிப்பது கேட்கும். நானோ, வாரண்டி முடிவதற்குள் அதைத் தாம்பரத்துக் கடையில் காட்டச் சொல்லி, வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பாவை நச்சரித்துக்கொண்டு வருவேன்.