இலந்தைக் கிணற்றுக்கு இரண்டாவது சாட்சி

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருஷங்களில் நான் அமீரகத்து அல் ஐனில் ஒரு மேப் கம்பெனியில் சர்வேயராக இருந்தேன். மலை, ஓடை, கிணறு என்று எதைக் கண்டாலும், அங்கே இருப்பவர்கள் அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதிவர வேண்டும். அந்த இடத்தில் வாழும் இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பேரைச் சொன்னால்தான் மேப்பில் ஏற்றுவோம். நல்ல சட்டம்தான். அதைக் கையில் வைத்திருந்த ஆள்தான் சரியில்லை.

ஓமன் பக்கத்து மலையடிவாரத்தில், வறண்ட ஓடைக்குள் ஒரு கிணறு. ஆண்கள் எல்லாரும் டவுனுக்குக் குடிபோய்விட, ஓர் அரபு அம்மாள் மட்டும் தன் ஆடுகளோடு அங்கேயே இருந்தாள். எனக்குக் காவா என்கிற அரபுக் காப்பி ஊற்றிக் கொடுத்து, "இலந்தைக் கிணறு" என்று அரபியில் பேர் சொன்னாள்.

"பெரிதாக எழுது. மலையை உடைக்கிறவர்கள் பக்கத்தில் வந்துவிட்டார்கள்" என்றாள்.

அவள் பயந்தது நியாயம். குவாரிக்காரர்கள் எங்கள் மேப்பை வைத்துத்தான் எல்லை போடுவார்கள். பேர் இருந்தால் கிணற்றை விட்டு விலகிப் போக வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் நிலம். அந்த ஆடுகளுக்கோ வேறு தண்ணீர் கிடையாது.

அவளிடம் கூலிக்கு ஆடு மேய்ப்பவன் ராமநாதபுரத்துக்காரன். அவனைத் தனியாகக் கேட்டேன். அவனும் அதே பேரைச் சொன்னான். இரண்டு சாட்சியாயிற்று என்று நிம்மதியாக ஆபீஸ் வந்தேன்.

மேனேஜர் மெட்ராஸ்காரர். "ஆடு மேய்க்கறவன்லாம் சாட்சியாப்பா? அதுவும் நம்மூரு ஆளு!" என்று சிரித்தார்.

"சார், அவன் வருஷக்கணக்கா அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறான்."

"விசா முடிஞ்சா ஊருக்குப் போறவன். நம்ம பேச்சுக்கெல்லாம் இங்க என்ன மதிப்பு? கலாஸ், விடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரபிக்காரன் ஒருவன் இப்படிச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இவர் சொல்கிறார்!

"எந்த நாட்டு பாஸ்போர்ட்டுன்னு சட்டத்துல எங்க சார் எழுதியிருக்கு?" என்று கத்தினேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. கம்ப்யூட்டரில் பேரை நான் ஏற்றினேன், அவர் எடுத்தார். மறுபடி ஏற்றினேன். பிரிண்டுக்குப் போகும் அன்று, நான் சைட்டில் இருந்த நேரம் பார்த்து அழித்துவிட்டார், பாவி மனுஷன்.

விஷயத்தைப் போனில் சொன்னதும், "நா சொன்னா ஏத்துக்க மாட்டாகளாண்ணே? நா எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?" என்று கேட்டான் அந்த ஆடு மேய்க்கும் பையன்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் மறுபடி அவனே கூப்பிட்டான். சிக்னலுக்காக மலைமேல் ஏறியிருந்தான் போல, மூச்சு வாங்கியது.

"கிணத்த மண்ணப் போட்டு மூடிட்டாய்ங்கண்ணே. அம்மா லாரிய மறிச்சு நின்னுச்சு. போர்மேன் மேப்ப விரிச்சுக் காட்டி, இங்க எதுவுமே இல்லேங்குறான். ஆடுகள பத்திவிட்டாலும் போகமாட்டேங்குது. அந்த மண்ணையே மோந்துக்கிட்டு நிக்குதுக. மேப்புல இல்லேன்னு அதுகளுக்கு யாருண்ணே சொல்றது?"

நான் எழுந்து மேனேஜர் அறைக்குள் போனேன். அவர் முன்னால் மேசையில் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன்.

"தம்பி, இப்பச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.