சிராங்கூன் ரோட்டில் போன விமானம்

எங்கள் வீட்டு வாசல் வழியாக ஒருமுறை விமானம் போனது. பறந்து அல்ல, ரோட்டில். ஐம்பதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது.

சிராங்கூன் ரோட்டில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்குச் சிலேத்தாரில் வேலை. வெள்ளைக்காரர்களின் போர் விமானங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை அங்கே இருந்தது. மலாயாக் காடுகளுக்கு மேல் பறந்து களைத்தவையும், தூர தேசங்களிலிருந்து கப்பலில் வந்தவையும் அங்கே சரியாகித் திரும்பிப் போகும். அப்பா உதிரிபாகக் கிடங்கில் இருந்தார். எந்தத் திருகாணி எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நான் இதைக் கொஞ்சம் உயர்த்தி, அப்பா பிளேன் டாக்டர் என்று பள்ளிக்கூடத்தில் பரப்பி வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது அப்பா, "நாளைக்குக் காலையில நம்ம வீட்டு வழியா ஒரு பிளேன் போகும்" என்றார்.

"தினமும்தான் போகுது" என்றார் சித்தப்பா.

"இது ரோட்டுல போகும். ஹார்பர்லேருந்து லாரியில ஏத்திக்கிட்டு வர்றோம்."

சித்தப்பா சிரித்த சிரிப்பில் ரசம் மூக்கில் ஏறிவிட்டது. நான் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே சன்னலில் தொற்றிக்கொண்டேன். எட்டரை மணி வரை மாட்டு வண்டியும் பால்காரரும்தான் வந்தார்கள். தெருப் பிள்ளைகள் கீழே நின்று என்னைப் பழித்துக் காட்டினார்கள். அப்புறம் திடீரென்று பிள்ளைகள் எல்லாரும் ஒரே பக்கம் ஓடினார்கள்.

முதலில் தெரிந்தது அப்பாதான். கையில் நீள மூங்கிலோடு ரோட்டின் நடுவே நடந்து வந்தார். தாழ்வாகத் தொங்கிய கம்பிகளை மூங்கிலால் தூக்கிவிட, அவருக்குப் பின்னால் ஒரு நீளமான லாரி ஊர்ந்து வந்தது. அதன் மேல் இறக்கைகளைக் கழற்றிய வெள்ளி நிற விமானம். வால் மட்டும் மாடி உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. "பிளேன்! எங்கப்பா பிளேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அடுக்களையிலிருந்து அம்மா தோசைக் கரண்டியோடு ஓடி வந்தாள்.

எங்கள் சன்னலுக்கு நேர் எதிரே லாரி நின்றுவிட்டது. கோயில் திருவிழாவுக்காக ரோட்டின் குறுக்கே மூங்கிலும் தென்னங்குருத்தும் கட்டி அலங்கார வளைவு போட்டிருந்தார்கள். முதல் நாள் இராத்திரி போட்டது, சாயங்காலமே ஹார்பருக்குப் போய்விட்ட அப்பாவுக்குத் தெரியாது. விமானத்தின் வால் அதில் இடிக்கும்.

லாரியிலிருந்து குதித்த வெள்ளைக்கார சார்ஜெண்ட் வளைவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு ரம்பத்தை எடுத்து அப்பாவின் கையில் திணித்து, தனக்குத் தெரிந்த மலாயில், "போத்தோங்! போத்தோங்!" என்று கத்தினார்.

வெட்டச் சொல்கிறார் என்று தெருவுக்கே புரிந்துவிட்டது. திருவிழாக் கமிட்டிப் பெரியவர் வளைவின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"சாயங்காலம் சாமி இது வழியாத்தான் வரணும். நீ நம்ம தெருக்காரன். வெட்டுவியா? வெட்டு, பாப்போம்."

அப்பா ரம்பத்தோடு நின்றார். வெட்டினால் தெருவில் தலைகாட்ட முடியாது. வெட்டாவிட்டால் வேலை நிலைக்காது. பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. அம்மாவின் கரண்டி என் தோளில் சுட்டதுகூட எனக்கு உறைக்கவில்லை.

கீழே நின்றவர்களுக்குத் தெரியாதது சன்னலிலிருந்த எனக்குத் தெரிந்தது. வால் நுனியும் வளைவும் என் கண்ணுக்கு நேரே இருந்தன.

"அப்பா! ஒரு முழம்தான் இடிக்குது! ஒரே ஒரு முழம்!"

அப்பா அண்ணாந்து பார்த்தார். நான் முழங்கையை நீட்டிக் காட்டினேன். ரம்பத்தைக் கீழே போட்டார்.

"அண்ணே, வெட்ட வேணாம். எல்லாரும் சேர்ந்து வளைவைத் தூக்கிப் பிடிப்போம். பிளேன் போனதும் அப்படியே வச்சிடலாம்."

"அவன் பிளேனுக்கு நாங்க ஏன்பா தூக்கணும்?"

அப்பா குனிந்து ரம்பத்தை ஓரமாகத் தள்ளினார். பிறகு, "அடிபட்டு வந்திருக்குண்ணே. நாங்க சரி பண்ணி அனுப்பணும். மறுபடி பறக்கணும்லா" என்றார்.

பெரியவர் அந்த விமானத்தை ஏற இறங்கப் பார்த்தார். இறக்கையில்லாமல், பாவமாகத்தான் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டினார்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மூச்சு வாங்குகிறது. மணல் நிரப்பிய பீப்பாய்களில் நட்டிருந்த மூங்கில் கால்களைப் பிடுங்க, தெருவே வந்துவிட்டது. மில் ஆட்கள், காப்பிக்கடைச் சீனர், மலாய்ப் போலீஸ்காரர், நேற்று சிரித்த சித்தப்பா. "ஏலேலோ!" என்று யாரோ குரல் கொடுக்க, வளைவு ஆடி ஆடி எழும்பியது.

"இன்னும்! இன்னும் தூக்குங்க!" சன்னலிலிருந்து நான்தான் கட்டளை. ஒரு தெருவே என் சொல்லைக் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். "போதும்! இப்ப விடுங்க லாரிய!"

வால் உள்ளே நுழைந்தது. குருத்தோலைகள் அதன் மேல் சரசரவென்று உரசின. ஒரு விரற்கடை இடைவெளியில் வெளியே வந்தது. கீழே ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு "அரோகரா!" என்று கத்த, எல்லாரும் கத்தினார்கள். சார்ஜெண்ட் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

அன்று சாயங்காலம் சாமி ஊர்வலத்தைவிட விமான ஊர்வலத்தைத்தான் தெரு பேசியது. பெரியவர் வீடு தேடி வந்து அப்பாவுக்குப் பிரசாதம் கொடுத்து, "சரியானதும் சொல்லுப்பா, பாக்கணும்" என்றார். அப்பா தலையாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். களைப்பு என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு வானத்தில் எந்த விமானம் போனாலும், "அதுவாப்பா?" என்று கேட்பேன். "அதுல கொஞ்சம் இருக்கும்மா" என்பார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அறுபதுகளின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். வேலை போன கடிதத்தோடு வீட்டுக்கு வந்த நாளில்தான் அப்பா சொன்னார். அந்த விமானத்தைப் பழுதுபார்க்கக் கொண்டுவரவில்லை, பிரிப்பதற்காகத்தான் கொண்டுவந்தார்கள். சக்கரம் ஒன்றுக்கு, பம்பு ஒன்றுக்கு என்று அது பல விமானங்களுக்குள் போய்விட்டது. ஒவ்வொரு துண்டிலும் சீட்டு எழுதிக் கட்டியவர் அப்பாதான். மூங்கிலோடு முன்னால் நடந்து வந்தபோதே அவருக்கு அது தெரியும்.

"உடைக்கப் போறோம்னு சொல்லியிருந்தா, யாரும்மா தூக்கியிருப்பாங்க?" என்றார்.

பிரசாதத்தை வாங்கிக்கொண்டு அன்று அவர் ஏன் அத்தனை சீக்கிரம் படுத்தார் என்று அதுவரை எனக்குத் தெரியவில்லை. பெரியவர் சாகும்வரை அவரை எங்கே கண்டாலும் அப்பா ஏன் எதிர்ப்பக்கம் போய் நடந்தார் என்பதும்தான்.