நாற்பத்தொரு படிகளில் மூளை மாற்றுவது எப்படி?

'இந்தக் கணினி தகுதி பெறவில்லை.'

போன புதன்கிழமை காலை என் கம்ப்யூட்டர் திரையில் வந்த வாசகம் இது. படித்ததும் கோபம் வரவில்லை. ஒரு மாதிரி... பாசம் வந்தது. முப்பத்து நான்கு வருடம் நில அலுவலகத்தில் உட்கார்ந்து இதே வார்த்தைகளை எத்தனை விண்ணப்பங்களில் எழுதியிருப்பேன்! காரணம் சொல்லாமல், கையெழுத்து மட்டும் போட்டு. இப்போதுதான் முதல் தடவையாக மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறேன்.

ஆனால் விண்ணப்பதாரர் நான் இல்லை. என் மனைவி பிலோமினா.

எஸ்டேட் கிளினிக்கில் காயத்துக்குக் கட்டுப் போட்டே பாதி ஆயுளைக் கழித்தவள். அறுபத்தொரு வயதில் மனநல ஆலோசனையில் டிப்ளோமா படிக்கிறாள். ஓய்வு பெற்ற கணவனோடு நாள் முழுக்க வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அந்தத் துறை தானாகவே பிடிபட்டுவிடுமாம். நான் சொல்லவில்லை, அவள் சொன்னது.

முதல் தேர்வு சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. வீட்டிலிருந்தே, கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். தேர்வு மென்பொருள் புதிய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். புதிய விண்டோஸோ எங்கள் பன்னிரண்டு வயது கம்ப்யூட்டரில் ஏறாது. ப்ராசஸர் பழசு. கைப்பேசியில் எழுத அனுமதியில்லை. தவறவிட்டால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் போனில் சொன்னாள்: "அம்மா, என் லாப்டாப்ப வெள்ளிக்கிழம கொண்டாந்து குடுக்கறேன்."

நான் குறுக்கே விழுந்தேன். "வேணாம்மா. பெட்டி நல்லாத்தான் இருக்கு. மூளைய மட்டும் மாத்தினாப் போதும். நானே பாத்துக்கறேன்."

"அந்த வசதி மனுஷங்களுக்கும் வந்தா நல்லா இருக்கும்," என்றாள் பிலோமினா, என்னைப் பார்க்காமல்.

மாசாய் டவுனில் விஜியின் கடைக்குப் போனேன். விஜி பதினைந்து வருடம் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வரிசையில் நின்ற பெண்மணி. பிறகு சொந்தமாகக் கம்ப்யூட்டர் கடை போட்டுவிட்டார். மனிதர்களையும் போர்டு மாதிரியே பார்ப்பார் — எங்கே கோளாறு என்று.

"அங்கிள், ப்ராசஸர் மாத்தணும்னா மதர்போர்டும் மாத்தணும். மதர்போர்டு மாத்தினா ரேமும் மாத்தணும். ப்ராசஸர் சூட்டைத் தணிக்கற பழைய கூலர் இதுல உக்காராது, அதையும் மாத்தணும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு குமாஸ்தாவை மாற்றினால் மேசையை மாற்ற வேண்டும், மேசையை மாற்றினால் அறையையே மாற்ற வேண்டும். அரசாங்கத்தில் இதற்கு மறுசீரமைப்பு என்று பெயர்.

"நானே போட்டுத் தரட்டா? அரை மணி நேரந்தான்."

"எனக்கு செய்முறை தெரியும்."

"தெரியும் லா... எல்லா அங்கிளும் அப்படித்தான் சொல்வாங்க. அப்பறம் பாகம் பாகமா பையில போட்டுக் கொண்டாருவாங்க."

நான் பாகங்களை வாங்கிக்கொண்டு புன்னகைத்தேன். என்னைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? அலுவலகத்தில் எனக்குப் பட்டப் பெயரே 'சுற்றறிக்கை சேவியர்'.

வியாழக்கிழமை முழுக்கத் தயாரிப்பு. மதர்போர்டு கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். வீடியோக்கள் பார்த்தேன். புதுக் கோப்பு ஒன்று திறந்தேன். நாற்பத்தொரு படிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் — செய்தவர் கையெழுத்து, சாட்சி கையெழுத்து.

"சாட்சி யாரு?" என்று கேட்டாள் பிலோமினா.

"நீதான்."

"எனக்குப் படிக்க வேணாமா?"

"கையெழுத்துப் போட எவ்வளவு நேரமாகும்?"

அவள் நாற்பத்தொரு கட்டத்திலும் அப்போதே கையெழுத்துப் போட்டுக் கோப்பைத் திருப்பிக் கொடுத்தாள். இது மிகப் பெரிய விதிமீறல். மனைவி என்பதால் நடவடிக்கை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியைத் திறந்தேன். உள்ளே பன்னிரண்டு வருடத் தூசி. ஒரு மூலையில் பல்லிக் குடும்பம் ஒன்று வாழ்ந்து, காலி செய்துகொண்டு போயிருந்தது — முட்டை ஓடுகள் மட்டும் மிச்சம். நில அலுவலகத்தில் இருந்தவன் அல்லவா? அனுமதியில்லாத குடியிருப்பை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன்.

பழைய போர்டு வெளியே வந்தது. புதிய ப்ராசஸரை இரண்டு விரலால் தூக்கினேன். தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிசு. ஓரத்தில் தங்க நிறத்தில் ஒரு முக்கோணம். போர்டிலும் ஒரு முக்கோணம். இரண்டும் ஒரே மூலையில் சேர வேண்டும். சேர்ந்தன. நெம்புகோலை அழுத்தினால் எலும்பு முறிகிற மாதிரி 'கிர்ரக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் வரத்தான் செய்யும் என்று பதினேழாம் படியில் எழுதி வைத்திருந்தேன். எழுதியிருந்தும் "மாதாவே!" என்று கத்திவிட்டேன்.

ப்ராசஸர் தலையில் பட்டாணி அளவு, சூட்டைக் கடத்தும் பசை. அதன்மேல் கூலர். நான்கு திருகாணிகள், குறுக்குக் குறுக்காக. முன் பொத்தானுக்குப் போகும் மெல்லிய ஒயர்களைப் பூதக்கண்ணாடி வைத்துச் செருகினேன். நாற்பத்தொன்றாம் படி: பொத்தானை அழுத்தவும்.

அழுத்தினேன்.

விசிறி சுழன்றது. விளக்கு எரிந்தது. திரையில் வெளிச்சம்!

நீங்கள் யாராவது அறுபத்தேழு வயதில் ஹாலில் தனியாக ஆடியிருக்கிறீர்களா? நான் ஆடினேன். மத்தியானத்துக்குள் புதிய விண்டோஸ் ஏறிவிட்டது. முன்பெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி கலக்கிக் குடித்துவிட்டு வருவேன். இப்போது நாற்காலியில் உட்காருவதற்குள் திரை தயாராக நிற்கிறது. தேர்வு மென்பொருளைத் திறந்தோம். 'இந்தக் கணினி தகுதி பெற்றுள்ளது.' பிலோமினா கை தட்டினாள். மாதிரித் தேர்வை எழுத உட்கார்ந்தாள்.

பதினோராவது நிமிடம் — டப். இருட்டு.

திரும்பப் போட்டோம். ஒன்பதாவது நிமிடம் — டப்.

கோப்பை எடுத்து ஒவ்வொரு படியாகச் சரிபார்த்தேன். ஒரு தவறும் இல்லை. எல்லாவற்றுக்கும் செய்தவர் கையெழுத்து இருந்தது, சாட்சி கையெழுத்து இருந்தது. காகிதத்தின்படி அந்தக் கம்ப்யூட்டர் பிரமாதமாக ஓடிக்கொண்டிருந்தது!

சனிக்கிழமை காலையும் அதே கதை. ரேமைக் கழற்றி மாட்டினேன். ஒயரை மாற்றினேன். டப். மகளுக்குப் போன் செய்தேன்.

"நேத்தே கொண்டாந்திருப்பேன்ல? நீங்கதான் வேணாம்னீங்க. இப்ப பாலத்து ஜாம்ல ஏறினா அம்மாவோட அடுத்த பரீட்சைக்குத்தான் வந்து சேருவேன், அப்பா."

பிலோமினா கேமராவில் தெரிய வேண்டும் என்று நீலச் சேலை கட்டி, அடையாள அட்டையை மேசையில் நேராக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாக நோட்டை மூடினாள். கண்ணாடியைக் கழற்றி மடித்து நோட்டின் மேல் வைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கண்ணாடியை மடித்த விதம்தான்...

மணி ஒன்று. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு விஜிக்கு வீடியோ கால் போட்டேன். கடை விடுமுறை. அவர் பொந்தியானில் உறவுக்காரர் கல்யாணத்தில் இருந்தார். தலை நிறையப் பூ, பின்னால் மேளம், பக்கத்தில் நான்கைந்து பட்டுப் புடவைகள்.

"அங்கிள்! சாப்பாட்டுப் பந்திக்குப் போய்க்கிட்டு இருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க!"

சொன்னேன். பத்து நிமிடம் ஓடுகிறது, நின்றுவிடுகிறது, பெட்டியைத் தொட்டால் சுடுகிறது.

"சூடு ஏறி நிக்குது. கூலர்தான். அதோட அடியில ஒரு பிளாஸ்டிக் ஒட்டியிருந்திச்சே... உரிச்சீங்களா?"

நான் கூலர் வந்த காலி அட்டைப்பெட்டியைப் பார்த்தேன்.

"அங்கிள்? லைன்ல இருக்கீங்களா?"

இருந்தேன். எங்கே போவது? அந்தப் பிளாஸ்டிக்கை நான் பார்க்காமல் இல்லை. 'பயன்படுத்தும் முன் உரிக்கவும்' என்று சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படித்தேன். ஆனால் இதே வாசகம் எங்கள் டிவி ரிமோட்டிலும் இருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவில், மைக்ரோவேவில், ரைஸ் குக்கர் மூடியில் — எல்லாவற்றிலும் இருக்கிறது. காரின் சீட்டுகள் ஆறு வருடமாகப் பிளாஸ்டிக் உறைக்குள்தான். வெயில் நாளில் இறங்கும்போது தோலும் கூடவே உரியும். பிலோமினா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். நான் உரிக்க விட்டதில்லை. பொருள் கெட்டுவிடாதா?

உங்கள் வீட்டில் எப்படி? உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் ரிமோட் என்ன நிறம் என்று உங்களுக்குத் தெரியுமா? நாம் பொருளை வாங்குகிறோமா, அது புதுசு என்ற நினைப்பை வாங்கிப் பத்திரப்படுத்துகிறோமா?

"உரிக்கல," என்றேன்.

"அலமாக்!" விஜி நெற்றியில் அடித்துக்கொண்டு பட்டுப் புடவைகள் பக்கம் திரும்பினார். "ஏய், இந்த அங்கிள் கூலர பிளாஸ்டிக்கோட மாட்டிட்டாரு!"

அவர்களில் ஒருத்திக்காவது கூலர் என்றால் என்னவென்று தெரிந்திருக்குமா? சந்தேகம்தான். ஆனாலும் அத்தனை பேரும் சிரித்தார்கள். மேளம்கூட ஒரு விநாடி தடுமாறின மாதிரி எனக்குப் பட்டது.

"கழட்டி, உரிச்சி, பழைய பசைய சுத்தமாத் தொடச்சிட்டு, புதுசா வச்சி மாட்டுங்க. ஒண்ணும் ஆவல. ஆன்ட்டிகிட்ட நான் வாழ்த்துச் சொன்னேன்னு சொல்லுங்க!"

திரும்பினேன். பிலோமினாவின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். இல்லை — சத்தமே வராமல் சிரிக்கிறாள், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு.

"நகருங்க," என்றாள். சேலை முந்தியைச் செருகிக்கொண்டு, தன் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட் பஞ்சுகளை எடுத்து வந்தாள். நான் திருகாணிகளைக் கழற்றிக் கூலரைத் தூக்கினேன். அடியில், பசையில் தோய்ந்து, பிளாஸ்டிக் சமத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதன் நுனியை நகத்தால் நெம்பி, ஆறின காயத்தின் பிளாஸ்திரியை எடுக்கிற மாதிரி ஒரே இழுப்பு.

சர்ர்ர்க்.

நாற்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் பார்த்ததில்லை.

துடைத்தாள், பசை வைத்தோம், மாட்டினோம். கோப்பை எடுத்து, கடைசியில் அவளே ஒரு வரி சேர்த்தாள்: '42. உரிக்கவும்.' சாட்சிக் கட்டத்தில் அழுத்தமாகக் கையெழுத்து.

பத்து நிமிடம். பதினொன்று. இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. பன்னிரண்டு. இருபது. நாற்பது. தொட்டால் பெட்டி குளுகுளு என்று இருக்கிறது.

மூன்று மணிக்குத் தேர்வு தொடங்கியது. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று விதிமுறையில் இருக்கிறது. விதியை எடுத்துச் சொல்லி என்னை வெளியேற்றியது நானேதான். ஹாலில் நின்று கதவு வழியாக விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கை சும்மா இருக்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நுனி தூக்கிக்கொண்டிருந்தது... இழுத்தேன். சர்ர்ர்க். என்ன சுகம் தெரியுமா! அடுத்து மைக்ரோவேவ். ரைஸ் குக்கர். பிறகு வெளியே போய்க் காரின் நான்கு சீட்டையும். சீட்டு சாம்பல் நிறமாம். கறுப்பு என்றே நினைத்திருந்தேன்.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது.

"ஒரு வாட்டிகூட நிக்கல!" என்றாள் பிலோமினா. கன்னமெல்லாம் சிவந்திருந்தது. "எல்லாக் கேள்வியும் எழுதிட்டேன். மாற்றத்துக்கு ஒத்துக்காத ஆள எப்படிக் கையாளறதுன்னு ஒண்ணு வந்திச்சி. யோசிக்கவே இல்ல, கை வலிக்க டைப் பண்ணிட்டேன்."

அப்புறம்தான் ஹால் நடுவில் கிடந்த பிளாஸ்டிக் குவியலைப் பார்த்தாள். குவியலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மிச்சம் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

ரிமோட்டை நீட்டினேன். அதை மட்டும் அவளுக்காக வைத்திருந்தேன். மஞ்சளேறிய உறையைச் சின்னப் பெண் மாதிரி குதித்துக்கொண்டே கிழித்தாள்.

உள்ளே சத்தத்தை அடியோடு நிறுத்த ஒரு பொத்தான் இருப்பது அப்போதுதான் தெரிந்தது — நாலு நாளாக அதை என் பக்கம் நீட்டித்தான் அமுக்கிப் பார்க்கிறாள்.