திரையில் தெரிந்த தோள்

எண்பதுகளின் கடைசி. விழுப்புரத்துக்கு ஸ்கேன் மிஷின் வந்த புதுசு. நாங்க திண்டிவனத்துப் பக்கம், மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுற குடும்பம். என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. கால் ஓரளவு தேறி இழுத்து இழுத்து நடந்தார். கைதான் விலாவோட ஒட்டிக்கிச்சு. தோளைத் தொட்டாலே அலறுவார்.

தை மாசம் மகளுக்குக் கல்யாணம். தாரை வார்க்க வலது கையை நீட்டணுமே! இல்லேன்னா அவர் தம்பியும் ஓரகத்தியும் மணையில் உட்காருவாங்க, பெத்த நாங்க ஒதுங்கி நிக்கணும். அந்த வைராக்கியத்தில் உத்திரத்தில் கயிறு மாட்டி, நல்ல கையால் இந்தக் கையை தினமும் மேலே இழுப்பார். பல்லைக் கடிச்சுக்கிட்டு அவர் இழுக்கிறதைப் பார்க்க முடியாம நான் அடுப்படிக்குப் போயிடுவேன்.

தோள் ஏன் இப்படி இறுகிப்போச்சுன்னு பார்க்க டாக்டர் ஸ்கேனுக்கு எழுதினார். போனா, அங்கே பூரா பிள்ளைத்தாச்சிப் பொம்பளைங்க! இவர் குழறுற நாக்கோட, "ஏமே, எனக்கு எத்தினியாவது மாசம்னு கேட்டா இன்னா சொல்றது?"ன்னார். வியாதி வந்தப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சேன்.

ஸ்கேன் டாக்டர் தங்கமான மனுஷர். பசையைத் தடவி, முதல்ல நல்ல தோளைப் பார்த்தார். கையைத் திருப்பச் சொன்னதும் மிஷின் டிவியில் ஒரு வெள்ளைப் பட்டை வழுக்கிக்கிட்டு ஓடுச்சு. வலது கையை டாக்டரே பிடிச்சுத் திருப்பினார். பட்டை அசையவே இல்லை. "நீங்களே பாருங்க ஐயா"ன்னு டிவியை இவர் பக்கம் திருப்பினார். "உள்ள தசைநார் ஒட்டிக்கினு இருக்கு, கிழிஞ்சும் இருக்கு. இனிமே கயிறு போட்டு இழுக்காதீங்க."

"கல்யாணத்துக்குள்ள ஆவாதுங்களா?"ன்னு இவர் கேட்டார்.

டாக்டர் ஆகாதுன்னு தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் கயிற்றை இவரே அவிழ்த்துப் போட்டார். "தம்பியையே உக்காரச் சொல்லு"ன்னார். "கையை நான் தாங்கிப் பிடிச்சுக்கிறேன், நீங்க சும்மா உக்காருங்க"ன்னு கெஞ்சினேன்.

"அதான் உள்ளயே பாத்துட்டனே."

கல்யாணத்தில் ஓரகத்திதான் தண்ணி ஊத்தினா. இவர் பந்தல் கடைசியில் துண்டால் கையை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான். கெட்டிமேளம் கொட்டினப்போ ரெண்டு பேரும் அழுதது யாருக்கும் கேட்கலை.

டாக்டர் சொன்னது பொய்யில்லை, அவர் மேல கோபமும் இல்லை. ஆனா கிழிஞ்ச தோளோட அத்தனை நாள் போராடின மனுஷன், அதைக் கண்ணால பார்த்த நிமிஷத்திலேயே விழுந்துட்டாரே! அதுக்கப்புறம் சாகிற வரைக்கும் அவர் எதுக்கும் ஆசைப்படலை; அந்த டிவியைக் கொஞ்சம் அந்தப் பக்கமாவே வெச்சிருக்கக் கூடாதான்னு இன்னைக்கும் நினைச்சுக்கிறேன்.