ஒட்டுப் போட்ட வடக்கயிறு

நேற்றுக் காலை இஸ்திரி போடுகிறவர் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்திக் கரிக்கு விசிறிக்கொண்டிருந்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த காப்பியை மறந்து நின்றுவிட்டேன். என் முதல் வேலையின் வாசனை அது.

இரண்டாம் உலக யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்புறம் ஆளுயர இரும்பு அடுப்பை மாட்டி, கரி வாயுவில் ஓட்டினார்கள். சங்ககிரிப் பக்கம் ஓடிய அப்படியொரு பஸ்ஸுக்கு நான் அடுப்பு ஆள். கரி கொட்டுவேன், விசிறிச் சக்கரம் சுற்றுவேன். மேடு வந்தால் பஸ் நின்றுவிடும். எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும்.

"ஏனுங்க தம்பி, பருப்பு வெந்துருச்சுங்களா? உப்புப் போட்டாச்சுங்களா?" என்று தள்ளிக்கொண்டே கேட்பார்கள். எனக்கு வாய் வராது. முகமெல்லாம் கரி அப்பியிருந்தது ஒரு வசதி. வெட்கப்பட்டது யாருக்கும் தெரியாது.

அந்தக் கரி எங்கள் கரட்டிலிருந்துதான் போனது. கரடு என்றால் பெரிய மலையில்லை. பாறையும் உசிலை மரங்களுமாக எங்கள் தோட்டத்துக்கு மேலே குந்தியிருந்த சின்னக் குன்று. உசிலை இலையைக் காயவைத்து இடித்தால் அரப்பு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அதுதான். இன்றும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, குளித்த மாதிரியே இல்லையே என்று நினைக்கிறவன் நான். அது கிடக்கட்டும். கரடு நான்கு பங்காளி வீடுகளுக்குப் பொது. கரி சுடுகிற குத்தகைக்காரர் வந்து மரம் கேட்டபோது அப்பா தயங்கினார். பஸ்ஸில் வேலை பார்க்கிற மிதப்பில் நான்தான் சொன்னேன்:

"மரம் குடிக்கற தண்ணியெல்லாம் இனி நம்ம கெணத்துக்குத்தானுங்கப்பா."

மரங்கள் போயின. அந்த ஐப்பசியில் ஓடையில் செக்கச்செவேலென்று வெள்ளம் இரைந்து வந்தது. அவ்வளவு தண்ணீரை நாங்கள் கண்டதில்லை. பெரியப்பா கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். "பையன் சொன்னது சரியாப் போச்சு" என்று என் முதுகில் தட்டினார். மறுநாள் ஓடை காலி. முன்பெல்லாம் தை மாதம்வரை தெளிந்து ஓடுகிற ஓடை அது.

பிறகு கிணறு இறங்கியது. கவலை இறைப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. மாடுகள் சரிவில் இறங்கி வடக்கயிற்றை இழுக்க, தோல் பறி நீரோடு மேலே வரும். நீர் தாழ்ந்தால் கயிற்றை நீட்ட வேண்டும். மாடு நடக்கும் சரிவையும் வெட்டி நீட்ட வேண்டும். கோடைக்குள் அப்பா இரண்டு முறை கயிற்றுக்கு ஒட்டுப் போட்டார். அப்படியும் பாதிக் கரும்பு காய்ந்தது.

அந்தச் சமயத்தில் குத்தகைக்காரர் மறுபடி வந்தார். அடிக்கட்டைகளையும் வேரையும் தோண்டிக்கொள்வாராம்; வேர்க்கரி நின்று எரியுமாம். கட்டைகளிலோ அப்போதுதான் தளிர் விட்டிருந்தது. வேரும் போனால் கரடு வெறும் பாறைதான். பங்காளிகள் கிணற்று மேட்டில் கூடினார்கள். நான் போய் வடக்கயிற்றைக் கழற்றி, இழுத்து வந்து அவர்கள் முன்னால் நீட்டிப் போட்டேன்.

"ஏன்டா, கயித்த எதுக்குக் கழட்டுன?" என்றார் பெரியப்பா.

"கறுத்துக் கெடக்கறது மரம் இருந்தப்பங்க. வெளுப்பா இருக்கற ரெண்டு ஒட்டும் மரம் போனதுக்கப்புறமுங்க. வேரையும் எடுத்தா இன்னும் எத்தன ஒட்டுப் போடோணும்னு தெரியலீங்க. அன்னிக்கு நாந்தானுங்க தப்பாச் சொன்னேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பெரியப்பா கயிற்றைத் தடவிப் பார்த்தார். "நாலு வருசத்துப் பேச்ச ஒரே மூச்சுல பேசிட்டான். அவனுக்கு மோரு குடுங்க" என்றார்.

வேரைக் கொடுக்கவில்லை. ஆடுகள் தளிரைக் கடிக்காதபடி கரட்டைச் சுற்றி முள் அடைத்தோம். "ஆட்ட மேய்க்கறத உட்டுட்டு இப்ப வேலிய மேய்க்கறோம்" என்று பெரியம்மா நொந்துகொண்டே முள் சுமந்தார்.

நாலாம் வருடம் உசிலை தலைக்கு மேல் நின்றது. அந்த வருடம் மழையும் நன்றாக இருந்தது, மறைப்பானேன். ஆனால் ஓடை இரையவில்லை. மெதுவாக வந்து, மார்கழி தாண்டியும் ஓடியது. மரம் தண்ணீர் குடிக்கத்தான் செய்கிறது. குடித்ததைவிட அதிகமாக மண்ணுக்குள் இறக்கிவிட்டிருந்தது.

ஒரு காலையில் அப்பா கயிற்றில் ஓர் ஒட்டை வெட்டினார். நீள நடந்து பழகிய மாடுகளோ நிற்கவே மாட்டேன் என்றன. பறி மேலே வந்து சக்கரத்தில் முட்டுகிறது, அவை பாட்டுக்கு இழுக்கின்றன. "நில்லுங்க சாமி, நில்லுங்க! தண்ணி மேல வந்துருச்சு!" என்று மாடுகளோடு மல்லுக்கட்டினார் அப்பா. அவ்வளவு சத்தமாக அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

இரண்டாவது ஒட்டை வெட்டுவதற்குள் மோட்டார் வந்துவிட்டது. கரி பஸ் போயிற்று. கவலை மாடுகள் போயின. அவை நடந்த சரிவைத் தூர்த்து மோட்டார் கொட்டகை போட்டாயிற்று. அப்பாவும் இல்லை. கரட்டில் உசிலை நிற்கிறது.

இஸ்திரிக்காரரிடம் கூச்சத்தை விட்டுக் கேட்டேன்: "என்ன கரிங்க இது?"

"கொட்டாங்குச்சிக் கரிங்க."

நிம்மதியாக உள்ளே போய், ஆறிப்போன காப்பியைக் குடித்தேன்.