காசிம் பாய் வெட்டிய எர்த்துக் குழி

சென்ற செவ்வாய்க்கிழமை பகலில், செங்கற்பட்டு கோர்ட்டு வாசலில் என் வாடகைக் காரை நிறுத்திவிட்டு, சவாரி வந்த வக்கீலுக்காகக் காத்திருந்தேன். எங்கள் ஊர் மாமல்லபுரத்திலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் என்னைத் தேடி ஓடிவந்தார்.

"அண்ணாத்த, ஒடனே வூட்டுக்குப் போ. உன் கார் ஷெட்டுல ஒயர்மேன் பாய் கரெண்டு அடிச்சு பூட்டாரு. உன் சம்சாரம் பொழைச்சிகிச்சு."

ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டார். இரண்டாவதற்காக நிம்மதிப்படவும் எனக்கு யோக்கியதை இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

காசிம் பாயை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செங்கற்பட்டு மார்க்கெட் அருகே குடியிருந்த ஒயர்மேன் அவர். என் வயதுதான். எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்த வருஷம், வீட்டிலிருந்து முப்பதடி தள்ளி நின்ற என் தகர ஷெட்டுக்கு விளக்குப் போட அவரைக் கூப்பிட்டேன். வந்தவர் ஒயரைத் தொடவில்லை. மண்வெட்டி கேட்டார்.

"வூட்லதான் எர்த்து கீதே, பாய்?" என்றேன்.

"வூட்டு எர்த்து வூட்டுக்கு, அண்ணாத்த. தனியா நிக்கிற ஷெட்டுக்குத் தனியா தோண்டணும். நாளைக்கு ஒயரு தேய்ஞ்சி தகரத்துல கரெண்டு எறங்கிச்சின்னா, மண்ணுக்குள்ள ஓடணும், பியூசு போவணும். மண்ணு காஞ்சி கெடந்தா ஓடாது. தகரத்துலயே நிக்கும். தொட்டவன் மேல ஓடும்."

மார்பளவு ஆழத்துக்கு வெட்டினார். நடுவில் இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டார். என் மனைவி செல்லம்மா எட்டிப் பார்த்து, "இன்னா பாய், ஊறுகா போடுறீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா அண்ணி. ஜாடி மட்டும் வத்தவே கூடாது. தெனம் ஒரு கொடம் தண்ணி" என்று சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல், "மண்ணு நனைஞ்சிருக்கணும், கை காஞ்சிருக்கணும். அவ்ளோதான் கரெண்டு" என்றார். இந்த வார்த்தையை அவரிடம் வேலை வாங்கிய எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

அதன் பிறகு எங்கள் பக்கம் எப்போது வந்தாலும் முதலில் குழிக்குத்தான் போவார். மண்ணில் கைவிட்டுப் பார்ப்பார். காய்ந்திருந்தால் தாமே குடம் எடுத்து ஊற்றிவிட்டுத்தான் டீயைத் தொடுவார். 'மாமியார் வந்துவிட்டார்' என்று நான் கேலி செய்வேன்.

இந்தக் கோடையில் எங்கள் கிணறு அடிமண் தட்டியது. குடிக்கவே தண்ணீரில்லை என்று பாயிடம் அலுத்துக்கொண்டேன்.

"கடலு பக்கத்துலயே கீதே! உப்புத் தண்ணி இன்னும் நல்லது, அண்ணாத்த."

செல்லம்மா நான்கு நாள் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். "கடல் தண்ணியிலயா சோறு ஆக்குறீங்க?" என்று தெருவில் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவளைத் தடுத்தேன். கார் வைத்திருக்கிற நான் குடம் சுமப்பேனா? சிற்பப் பட்டறையிலிருந்து ஒரு கல்பலகை வாங்கி வந்து, காய்ந்த மண் தெரியாமல் குழியை மூடினேன். அடுத்த முறை வந்த பாய் கல்லைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"தண்ணி ஊத்திகினு கீறீங்களா, அண்ணாத்த?"

"காலையில காலையில கல்ல நகர்த்தி ஊத்துறேன், பாய்."

கல்லை நகர்த்திப் பார்க்காமல் டீ குடிக்க உட்கார்ந்தார். என்னை நம்பினார், பாவி என்னை.

திங்கட்கிழமை மாலை, ஷெட் கதவு கையைச் சுருக்கென்று கடிப்பதாகச் செல்லம்மா சொன்னாள். நானும் தொட்டுப் பார்த்தேன்; தோல் செருப்புப் போட்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "வெயில் சுட்டிருக்கும்" என்றேன். மறுநாள் காலை நான் சவாரிக்குக் கிளம்பியதும், முதல் பஸ்ஸில் அவளே பாய்க்குச் சொல்லியனுப்பினாள். கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே அவர் வந்துவிட்டார்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு, வெறுங்காலோடு எழுந்து ஓடினாள். "இங்கதான் பாய், இந்தத் தாப்பாள்ல" என்று தொட்டே காட்டிவிட்டாள். "தொடாதீங்க அண்ணி!" என்று அவர் கத்தியது எதிர்வீடுவரை கேட்டிருக்கிறது. அவள் கை ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குள் ஓடி மெயினை அணைக்க நேரமில்லை. தோளிலிருந்த துண்டை அவள் கையில் சுற்றி இழுத்தார். அவள் விடுபட்டு விழுந்தாள். பஸ் நிறுத்தத்திலிருந்து சித்திரை வெயிலில் நடந்து வந்தவரின் துண்டு அது, வேர்வையில் நனைந்திருந்தது. அவர் கதவின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

எதிர்வீட்டுக்காரர் வந்து மெயினை அணைக்கும்வரை பியூஸ் போகவே இல்லை.

செங்கற்பட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். நானும் மூன்று பிடி மண் போட்டேன். அவருடைய தம்பி குடத்திலிருந்து கபரின் மேல் தண்ணீர் தெளித்தார். அந்த மண் நனைவதை என்னால் பார்க்க முடியவில்லை. திரும்பும்போது, "உங்க வூட்டம்மா பொழைச்சிகிச்சில்ல, அது போதும்னுதான் எங்க அண்ணி சொல்லிகினு கீறாங்க" என்று தம்பி என் கையைப் பிடித்தார். குழிக்கு நான் தண்ணீர் ஊற்றவில்லை என்பதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். கையை விடுவித்துக்கொண்டு காரில் ஏறிவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பாயின் மனைவி படித்துவிட்டு என்னைச் சபிக்கட்டும்.

ஷெட்டுக்குப் போகிற லைனைத் துண்டித்துவிட்டார்கள். கல்பலகையை நான் புரட்டிப் போட்டேன். அடியில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. இன்று காலை தெருவே பார்க்க, கடலிலிருந்து குடம் சுமந்து வந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

போய் வாருங்கள், பாய். தண்ணீர் ஊற்றிவிட்டேன்.